டர்போ காரில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) போய்விட்டது என்ற முடிவோடு பணிமனைக்கு வரும் கார்கள் பலவற்றில், கெட்டது டர்போவாக இருப்பதில்லை. கிளிப் தளர்ந்த ஹோஸ், அடைத்த ஏர் ஃபில்டர், கரி பிடித்த ஆயில் குழாய், கெடு தாண்டியும் மாற்றாத ஆயில் என்று வேறு ஏதோ ஒன்று முதலில் கெட்டிருக்கும். டர்போவே உண்மையில் சேதமடைந்திருந்தாலும் அதைச் சேதப்படுத்தியது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். அந்தக் காரணத்தைத் தேடாமல் டர்போவை மட்டும் மாற்றினால், புதியதும் பழையது போன வழியிலேயே போகும். பெருஞ்செலவு செய்த ஒருவர் சில மாதங்களில் அதே புகையோடு திரும்பி வருவதைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது. அதைத் தவிர்க்கவே இதை எழுதுகிறேன்.

உங்கள் காரில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ, அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும். செலவு மிகுந்தது கடைசியில் வரும். எளியதைப் பார்க்காமல் கடினமானதற்குத் தாவ வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். பெட்ரோல் எஞ்சினில் டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அதன் இரும்புக் கூடு நெடுநேரம் சூடாகவே இருக்கும். எஞ்சின் ஓடும்போது டர்போவின் காற்று நுழையும் வாய்ப் பக்கம் கையையோ துணியையோ கொண்டு போகவே கூடாது.

பிறகு மூன்று விஷயங்கள். சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருக்கிறதா என்பதோடு, மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். மூடும்போது எல்லாக் கிளிப்புகளும் சரியாக உட்கார வேண்டும். ஸ்கேனர் கிடைத்தால் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளைக் குறித்து வைத்துக்கொண்ட பிறகே அழியுங்கள். குறியீட்டை முதலிலேயே அழித்துவிட்டு வரும் கார்களில் காரணத்தைக் கண்டுபிடிக்க இரு மடங்கு நேரம் பிடிக்கிறது.

## இழுவை குறைந்துவிட்டது

அதிகமாக வரும் புகார் இதுதான். எப்படிக் குறைந்தது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

திடீரென்று, காற்று பீறிடும் சத்தத்தோடு குறைந்தது

டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்களில் ஒன்று கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். கிழிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். இணைப்பைச் சுற்றி ஆயில் ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் காற்று கசியும் இடம் அதுதான்.

கிளிப் தளர்ந்திருந்தால் இறுக்கினாலே போதும். ஹோஸ் கிழிந்திருந்தால் புதியது போட வேண்டும். டேப் சுற்றுவதெல்லாம் வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும்.

மெல்ல மெல்லக் குறைந்தது, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை

1. ஏர் ஃபில்டர். அடைத்திருந்தால் மாற்றுங்கள். காற்றடித்துத் தூசி தட்டிய காகித ஃபில்டரை நான் நம்புவதில்லை. காகிதத்தில் ஏற்படும் நுண்ணிய ஓட்டைகள் வழியே போகும் மணல் துகள்கள் நேராக, டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரமான கம்ப்ரஸர் வீலின் இதழ்களை அரிக்கின்றன.
2. டீசல் காரானால் டீசல் ஃபில்டர். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் மாற்றும் காலம் கடந்திருக்கும்.
3. காற்றின் அளவை அளக்கும் சென்சார். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை விரலோ துணியோ தொடக் கூடாது.
4. சிறிய காற்றுக் கசிவு. இதைப் பற்றி விரிவாகக் கீழே சொல்கிறேன்.
5. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருத்தல், அல்லது டீசல் புகை வடிகட்டி அடைத்திருத்தல். புகை வெளியேற வழியில்லாதபோது டர்போவின் வெப்பம் ஏறும். புகைப்பாதையின் அழுத்தத்தை அளந்து பார்க்கும் கருவி பணிமனையில்தான் இருக்கும்.

சிறிய கசிவை அலட்சியம் செய்யாதீர்கள். வண்டி நின்றபடி ஓடும்போது டர்போ அழுத்தம் ஏறக்குறைய இருக்காது. அதனால் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாலும் கசிவு பிடிபடாது. சாலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வரும். கசியும் காற்றை ஈடுகட்டி, கேட்ட அழுத்தத்தைக் கொடுக்க எஞ்சின் கணினி டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவிடுகிறது. சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்துக்கு மேலும் சுழலக்கூடிய சாதனம் அது. அதற்கு மேலும் விரட்டப்படும்போது பேரிங்கும் இதழ்களும் தேய்கின்றன. ஒரு கிளிப்பை இறுக்காமல் விட்டதன் விலை இப்படித்தான் ஒரு டர்போவாக மாறுகிறது. காற்றுப்பாதையில் புகை செலுத்திப் பார்க்கும் சோதனையைப் பணிமனையில் கேட்டு வாங்குங்கள். எங்கே கசிகிறதோ அங்கே புகை வெளியே வரும், ஊகத்துக்கு இடமில்லை.

எஞ்சின் விளக்கு எரிகிறது. சுமார் 3,000 சுற்றுக்கு மேல் வண்டி ஏற மறுக்கிறது

எஞ்சின் கணினி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்து ஓடும் நிலை இது. லிம்ப் மோடு என்பார்கள். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டதும் சரியாகி, சற்று நேரத்தில் மறுபடி வருகிறதா என்று கவனியுங்கள்.

பிழைக் குறியீடு பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். ஹோஸ், இன்டர்கூலர், மிகுதிப் புகையை டர்போவுக்குள் விடாமல் வெளியேற்றும் கதவான வேஸ்ட்கேட் முழுதும் மூடாமை, டர்போ அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வெற்றிடக் குழாய் விரிசல், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வு என்ற வரிசையில் பாருங்கள். அந்த வெற்றிடக் குழாய் பென்சில் அளவுகூட இல்லாத சிறு ரப்பர்க் குழாய். வெப்பத்தில் விறைத்து வெடித்துவிடும்.

பி0234 என்றால் அழுத்தம் அளவுக்கு மேல் போகிறது. டீசல் கார்களில் இதற்கு வழக்கமான காரணம், டர்போவுக்குள் நுழையும் புகையைக் கட்டுப்படுத்தும் அசையும் இதழ்கள் கரி பிடித்து இறுகிப்போவது. குறைந்த தூரம், குறைந்த வேகம் என்றே எப்போதும் ஓடும் கார்களில் இது அடிக்கடி வருகிறது. ஆக்சுவேட்டர் வெற்றிடத்தில் இயங்கும் வகையானால், ஒருவரை எஞ்சினைப் போடச் சொல்லித் தள்ளி நின்று அதன் தண்டைப் பாருங்கள். எஞ்சின் போட்டதும் தடங்கலின்றி நகர்ந்து, அணைத்ததும் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இடையில் சிக்கி நின்றால் இதழ்கள் இறுகியிருக்கின்றன. மின்னணு ஆக்சுவேட்டரானால் ஸ்கேனரால்தான் அசைத்துப் பார்க்க முடியும்.

ஆரம்ப நிலையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நெடுஞ்சாலையில் கியரைச் சற்றுக் குறைத்து, அதிகச் சுற்றில் இருபது நிமிடம் போல ஓட்டினால் இதழ்கள் இளகுவது உண்டு. அதன் பிறகும் குறியீடு திரும்பினால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தண்டின் நீளத்தை நிர்ணயிக்கும் திருகை நீங்களாக எந்தக் காரணம் கொண்டும் திருப்பாதீர்கள். அந்த அளவு ஆலையில் கருவி வைத்து நிர்ணயித்தது.

## நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எங்கிருந்து வரும் ஆயில் என்பதுதான் கேள்வி. டர்போவைக் குற்றம் சொல்லும் முன், புகை எப்போது வருகிறது என்று இரண்டு மூன்று நாட்கள் கவனியுங்கள்.

காலையில் முதல் தடவை எஞ்சின் போட்டதும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கிவிட்டால், அல்லது இறக்கத்தில் காலை எடுத்து வந்து மறுபடி மிதிக்கும்போது வந்தால், எஞ்சின் வால்வுகளின் ஆயில் சீல் மீது சந்தேகப்படலாம். நெடுநேரம் சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்னால் வருபவரை மறைக்கும் அளவுக்கு வந்தால் டர்போவும் பட்டியலில் சேர்கிறது. எப்போதுமே வந்துகொண்டிருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். சிலிண்டர் அழுத்தச் சோதனை செய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது.

டர்போ வழியாகத்தான் வருகிறது என்று தோன்றினாலும், பின்வரும் நான்கையும் முடித்துவிட்டே அதைக் கழற்ற வேண்டும்.

1. ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா? கூடுதலாக ஊற்றியதாலேயே புகைவிடும் கார்கள் உண்டு. சரியான அளவுக்கு இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.
2. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? காற்று கிடைக்காத கம்ப்ரஸர், தன் பேரிங் பக்கத்திலிருந்து ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும்.
3. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா? எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசான படபடப்பு இயல்பு. மூடியைத் தள்ளும் அளவுக்குக் காற்று வீசினால் உள்ளே அழுத்தம் தேங்குகிறது. மாறாக, மூடியை எடுக்கவே முடியாதபடி உள்ளிழுத்தால் மூச்சு வால்வின் சவ்வு கிழிந்திருக்கும்.
4. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா? டர்போவுக்கு ஆயிலைத் தள்ளிக் கொடுப்பது பம்பு. திரும்பி வருவதோ தானாக வழிந்துதான். குழாயில் கரி படிந்தாலோ, வளைந்து நசுங்கினாலோ ஆயில் டர்போவிலேயே தேங்கி இரு பக்கமும் வழியும்.

மூன்றாவதும் நான்காவதும்தான் அடிக்கடி தவறவிடப்படுகின்றன. டர்போ தண்டில் இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல. பிஸ்டன் வளையம் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். ஆயில் தடையின்றி இறங்கிப் போகும்வரைதான் அவற்றால் கட்டுப்படுத்த முடியும். இறங்கும் வழி அடைத்திருக்கும்போது எத்தனை புதிய டர்போ போட்டாலும் புகை நிற்காது.

இன்னொன்று: இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் வைத்தால் மெல்லிய ஆயில் படலம் ஒட்டும். மூச்சுக்குழாய் வழியே வரும் ஆவி அது, இயல்பானது. அதைக் காட்டி டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹோஸைச் சாய்த்ததும் ஆயில் வழிந்து ஊற்றினால்தான் கவலை.

நான்கும் சரியாக இருந்தும் ஆயில் குறைந்துகொண்டே போனால், அப்போது தொழில் தெரிந்தவரிடம் டர்போவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் காரில் இந்த முடிவைத் தள்ளிப்போடக் கூடாது; ஏன் என்பது கீழே, 'எஞ்சின் தானாகவே வேகமெடுக்கிறது' என்ற தலைப்பில் இருக்கிறது.

## கரும் புகை

எரிபொருள் கூடுதல் அல்லது காற்று குறைவு. டர்போ காரில் பெரும்பாலும் காற்றுதான் குறைகிறது. ஏர் ஃபில்டர், ஹோஸ் கசிவு, காற்று சென்சார், புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருத்தல், கடைசியாக எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். புகையோடு இழுவையும் சேர்ந்து குறைந்திருந்தால் 'இழுவை குறைந்துவிட்டது' என்ற தலைப்பில் சொன்ன ஹோஸ் சோதனையிலிருந்து தொடங்கலாம்.

## வெள்ளைப் புகை

குளிர்ந்த காலையில் சில நிமிடங்கள் வந்து மறைவது நீராவி, விட்டுவிடலாம். எஞ்சின் சூடான பிறகும் தொடர்ந்து, இனிப்பான வாடையும் வந்து, கூலன்ட் தொட்டியில் அளவும் குறைந்தால் கூலன்ட் எரிகிறது. டர்போவைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாய் இணைப்புகளில் வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் வரை போகக்கூடிய பிரச்சினை. ஓட்டாமல் இழுத்துச் செல்வதே நல்லது.

## வழக்கமில்லாத சத்தம்

மெல்லிய விசில், முன்பிருந்தே இருப்பது. பல டர்போக்களின் இயல்பான குரல். மாறாதவரை பயமில்லை.

வேகத்தோடு ஏறி இறங்கும் சைரன் போன்ற ஊளை. பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது இதழ்கள் சேதமடைந்திருக்கின்றன. எஞ்சின் ஆறியதும் காற்று நுழையும் ஹோஸைக் கழற்றித் தண்டின் முனையை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். ஆயில் படலத்தில் மிதந்து சுழல்வதற்கான இடைவெளி அது. உள்ளே தள்ளி வெளியே இழுக்கும்போது கையில் உணரும்படி அசைவு இருக்கக் கூடாது. இதழ்களின் நுனி சுவரில் உரசிய தடம், முறிவு, வளைவு எதுவும் கண்ணில் பட்டால் அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். உடைந்த இதழ் இன்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் போகும்.

குறைந்த வேகத்தில் தகரம் அதிர்வது போன்ற சத்தம், மிதித்ததும் மறைகிறது. வேஸ்ட்கேட் கதவின் அச்சு தேய்ந்திருக்கலாம். முதலில் வெப்பத் தகட்டின் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். பாதிக் கார்களில் சத்தம் அதோடு நின்றுவிடும்.

சுமையில் மட்டும் 'டிக் டிக்' என்ற சத்தமும் காருக்குள் புகை வாடையும். டர்போவுக்கு முன்னால் உள்ள புகைக் குழாய் இணைப்பு கசிகிறது. கருப்பு மசிக் கறை இடத்தைக் காட்டும். கேஸ்கெட் மாற்றினால் தீரும், ஆனால் வாடையோடு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

பேரிங் தேய்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டுபவரின் கால் நேரடியாகத் தீர்மானிக்கும் விஷயம் இது. எஞ்சின் போட்டதும் ஆயில் கெட்டியாக இருக்கும். டேஷ்போர்டில் தெரியும் முள் கூலன்ட்டின் வெப்பத்தைத்தான் காட்டுகிறது. ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் சூடேறும். முள் நடுவுக்கு வந்த பிறகும் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். நின்றபடி எஞ்சினைச் சூடாக்க வேண்டியதில்லை. அரை நிமிடத்தில் கிளம்பி, மென்மையாக ஓட்டுவதே சரியான முறை.

நிறுத்தும்போது நிலைமை வேறு. மலை ஏறிவிட்டோ, நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டோ வந்து உடனே அணைத்தால், சிவக்கக் காய்ந்த டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கட்டியாகிறது. நீலப் புகைப் பகுதியில் சொன்ன குழாய் அடைப்பின் பிறப்பிடம் இதுதான். கடைசி ஓரிரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தால் தனியாகக் காத்திருக்க வேண்டாம். அது முடியாத இடத்தில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். நகரத்துக்குள் சாதாரணமாக ஓட்டி வந்தால் இது தேவையே இல்லை. பல புதிய கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் மின்சார பம்பு கூலன்டைச் சுற்றவிடுகிறது. அது நல்ல பாதுகாப்பு, ஆனால் ஆயிலைச் சுற்றவிடுவதில்லை. நிற்கும் இடமெல்லாம் எஞ்சினைத் தானாக அணைக்கும் வசதி உள்ள காரில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிச் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் முன் அந்த வசதியை அணைத்துவைப்பது பழக வேண்டிய ஒன்று.

## பெட்ரோல் காரில், குறைந்த சுற்றில் மிதிக்கும்போது 'டக்' என்று தட்டுகிறது

உயர் கியரில் 1,500 சுற்று போல மெதுவாகப் போகும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பவர்களின் காரில் வரும் கோளாறு. ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்கும் முன்பே உள்ளே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களை இது அதிகம் தாக்குகிறது. கடுமையானால் பிஸ்டனே விரிசல் விடும்.

முதல் சோதனைக்குச் செலவில்லை: கியரைக் குறைத்து, சுற்றை ஏற்றிவிட்டுப் பிறகு மிதியுங்கள். சத்தம் வரவில்லையென்றால் மாற்ற வேண்டியது பழக்கத்தை. அடுத்து, தயாரிப்பாளர் சொன்ன ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறீர்களா என்று பாருங்கள். பிறகு ஆயில். 2018ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்என் பிளஸ் தரமும், 2020ல் வந்த ஏபிஐ எஸ்பி தரமும் இந்த முன்கூட்டிய எரிதலைக் குறைப்பதையும் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. கையேடு அனுமதிக்கும் தடிப்பில் எஸ்பி தர ஆயிலுக்கு மாறுங்கள். இத்தனைக்குப் பிறகும் தட்டினால் கரிப் படிவு, தேய்ந்த பிளக், இன்ஜெக்டர் ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். அதுவரை முழு மிதி வேண்டாம்.

## இழுக்கும்போது எஞ்சின் விக்குகிறது

பெட்ரோல் காரில் முதலில் ஸ்பார்க் பிளக். இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக், சாதாரண எஞ்சினில் சமாளித்துவிடும். டர்போ அழுத்தத்தில் பொறி அணைந்துவிடும். கையேட்டில் டர்போ எஞ்சினுக்குக் குறைந்த கிலோமீட்டரில் பிளக் மாற்றச் சொல்லியிருப்பது இதனால்தான். பிளக் நன்றாக இருந்தால், விக்கும் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான். மாறாவிட்டால் இன்ஜெக்டர் அல்லது உள்வாங்கும் வால்வுகளின் மேல் படிந்த கரி. இரண்டும் பணிமனை வேலை. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டத்தைத் தொடராதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கருக்கிவிடும்.

## ஆயில் அளவு தானாக ஏறுகிறது

ஆயில் குறைவதைவிட இது ஏமாற்றும் அறிகுறி, ஏனென்றால் பார்ப்பவர் மகிழ்ந்துவிடுகிறார். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது. புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சுகிறது. அந்த எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் மிச்ச டீசல் ஆயிலில் இறங்கும். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத் தாங்காது.

உயர்ந்ததை மட்டும் வடித்துவிட்டு ஓட்டாதீர்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடிகட்டி உள்ள டீசல் காருக்கு, கையேடு குறிக்கும் குறைந்த சாம்பல் ஆயில், பெரும்பாலும் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) சி வகை, கட்டாயம். நிறுத்திய பிறகும் மின்விசிறி ஓடுவது, வண்டி நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிடச் சற்று அதிகச் சுற்றில் ஓடுவது, சூட்டு வாடை ஆகியவை எரிப்பு நடக்கிறது என்பதற்கான அடையாளங்கள். அப்போது அணைக்காமல் பத்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தால் கதை வேறு: கூலன்ட் கலந்திருக்கிறது, எஞ்சினைப் போடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

## எஞ்சின் தானாகவே வேகமெடுக்கிறது. சாவியை எடுத்தாலும் நிற்கவில்லை

டீசல் காருக்கு மட்டும் உரிய ஆபத்து. டர்போவிலிருந்து கசியும் ஆயில் இன்டர்கூலரில் தேங்கி எஞ்சினுக்குள் போக, எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து ஓடுகிறது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது.

கைமுறை கியர் கார்: பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கைப்பிரேக்கையும் போட்டு, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் திணறி நிற்கும். இதை முதல் சில நொடிகளிலேயே செய்ய வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார்: ஓரமாக நிறுத்தி எல்லோரையும் இறக்கித் தொலைவாக அனுப்புங்கள். காற்று நுழையும் வாயைக் கெட்டியான பலகையால் மூடியோ, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அதனுள் பீய்ச்சியோ நிறுத்தலாம், ஆனால் பழகியவர் மட்டுமே. கையை வைக்கக் கூடாது. துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சின் ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தால் அருகில் போகவே வேண்டாம். கார் போனால் போகட்டும்.

நின்ற பிறகு மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். இழுத்துச் செல்லும் வண்டிதான்.

## சிவப்பு ஆயில் விளக்கு, சிவப்பு வெப்ப விளக்கு

ஆயில் அழுத்த விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அடுத்த பெட்ரோல் நிலையம் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பாக ஒதுங்கி உடனே அணையுங்கள். ஆயில் இல்லாத டர்போ பேரிங் நொடிகளில் கெடும். இந்த ஒரு இடத்தில் மட்டும், ஆறவிட்டு அணைக்கும் விதி செல்லாது. அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் எஞ்சினைப் போடக் கூடாது. அழுத்தத்தைக் கருவியால் அளக்க வேண்டும். வெப்ப விளக்கானாலும் நிறுத்துங்கள். கூலன்ட் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

## டர்போவை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பணிமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பழையது ஏன் போனது? இதழில் அரிப்பு இருந்தால் தூசி. தண்டு நீலம் பாரித்திருந்தால் ஆயில் பஞ்சம் அல்லது சூடு. பேரிங்கில் கீறல் இருந்தால் அழுக்கு ஆயில். கழற்றிய டர்போவை உங்கள் கண்ணெதிரே வைத்துக் காரணம் சொல்லத் தயங்குபவரிடம் புதியதைப் பொருத்தக் கொடுக்க வேண்டாம்.

பிறகு இவை அனைத்தும் வேலையில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்:

- ஆயில் கொண்டுவரும் குழாய் புதிதாக. பழையதைச் சுத்தம் செய்து போடுவதை ஏற்காதீர்கள். உள்ளே ஒட்டிய கரி, புதிய டர்போவின் முதல் ஓட்டத்தில் உதிரும். குழாய் போல்ட்டுக்குள் சிறு வலை இருந்தால் அதுவும் மாற வேண்டும்.
- ஆயில் திரும்பும் குழாய் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டதா, மூச்சுக்குழாய் பார்க்கப்பட்டதா.
- புதிய ஆயில், புதிய ஆயில் ஃபில்டர், புதிய ஏர் ஃபில்டர். ஆயில் கசடாக இருந்தால் அடித்தட்டைக் கழற்றி, உறிஞ்சும் வலையும் சுத்தம் செய்யப்பட வேண்டும்.
- இன்டர்கூலரிலும் ஹோஸ்களிலும் தேங்கிய ஆயில் முழுதும் அகற்றப்பட வேண்டும். இதழ் உடைந்திருந்தால் இன்டர்கூலரையே மாற்றுவது பாதுகாப்பு. அதன் நுண்ணிய வழிகளில் சிக்கிய உலோகத் துண்டுகளைக் கழுவி எடுக்க முடியாது.
- ஆயில் இணைப்புகளில் கேஸ்கெட் மட்டும். பசையைப் பூசினால் பிதுங்கிய துணுக்கு உள்ளே போய் ஆயில் வழியை அடைக்கும்.
- மின்னணு ஆக்சுவேட்டரானால் ஸ்கேனரால் அளவு பொருத்தப்பட வேண்டும்.

பொருத்தி முடித்ததும் டர்போவின் ஆயில் துளையில் புதிய ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுழற்ற வேண்டும். பிறகு எரிபொருள் போகாதபடி செய்து, எஞ்சினை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி ஆயில் அழுத்தம் வரவிட வேண்டும். அதற்குப் பிறகே எஞ்சினைப் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஓடவிட வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். போட்டதும் உறும விடுபவரைத் தடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மிச்ச ஆயில் எரிந்து முதல் நாளில் கொஞ்சம் புகை வரலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆயில் அளவையும், ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பையும், ஆயில் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்பதையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.